ஷரோனாவா, நாட்டலியா? ஒரு ஆள் மாறினா நமக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?

எங்க ஹாஸ்டல் ரூம்ல ரெண்டு வருஷமா ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. ஃபேன் ஸ்பீடு பத்தி இல்ல, பக்கெட்டை யார் எடுத்தாங்கன்னும் இல்ல. 20 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஓடின ஒரு டிவி சீரிஸ்ல அசிஸ்டென்ட் ரோல்ல வந்த ரெண்டு பேர்ல யார் பெஸ்ட்னு சண்டை. நான் ஷரோனா கட்சி. என் ரூம்மேட் நாட்டலி கட்சி. இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி கூட இதுக்காக ஒரு மணி நேரம் போயிருக்கு.

சீரிஸ் பேரு 'மாங்க்'. பார்த்தவங்களுக்கு இந்த சண்டை புதுசு இல்ல. பார்க்காதவங்க இத்தோட மூடிடாதீங்க. உங்களுக்குப் பிடிச்ச எந்த சீரிஸ்லயாவது யாராவது பாதியில போயிருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: மூணாவது சீசன் கதையும் ஒரு கேஸோட முடிவும் இதுல உடைபடும். கடைசி சீசனோட பெரிய ரகசியத்தை மட்டும் தொடலை, அது பத்திரமா இருக்கு.

மாங்க் யாரு?

ஏட்ரியன் மாங்க், சான் ஃப்ரான்சிஸ்கோ போலீஸ்ல கொலைக் கேஸ்களைப் பார்த்த டிடெக்டிவ். மனைவி ட்ரூடி கார் குண்டுல இறந்துபோறாங்க. ஏற்கெனவே இருந்த ஓசிடி அதுக்கப்புறம் பல மடங்கு ஆகுது. மூணரை வருஷம் வீட்டை விட்டு வெளிய வரமாட்டார். வேலை போயிடும். கிருமின்னா பயம், உயரம்னா பயம், பால்னா கூட பயம். ஆனா ஒரு கொலை நடந்த ரூமுக்குள்ள போய் கையை இப்படித் தூக்கி ஃப்ரேம் மாதிரி வெச்சுப் பார்த்தார்னா, மத்தவங்க கண்ணுல படாத ஒரு விஷயம் அவர் கண்ணுல மாட்டும்.

ஆண்டி ப்ரெக்மன் உருவாக்கின இந்தத் தொடர் 2002 ஜூலையில யுஎஸ்ஏ நெட்வொர்க்ல ஆரம்பிச்சு, 2009 டிசம்பர்ல முடிஞ்சது. 8 சீசன், 125 எபிசோடு. மாங்கா நடிச்ச டோனி ஷலூப் இதுக்காக 2003, 2005, 2006னு மூணு தடவை எம்மி விருது வாங்கினார்.

தனியா கதவோட கைப்பிடியைக் கூடத் தொட முடியாத ஒருத்தர் எப்படிக் கேஸ் பார்ப்பார்? அதுக்குத்தான் ஒரு ஆள் கூடவே இருக்கணும். அவர் எதையாவது தொட்டதும் வைப்ஸ் எடுத்து நீட்டணும், கார் ஓட்டணும், பயந்து நின்னா தள்ளிட்டுப் போகணும். முதல்ல அந்த ஆள் ஷரோனா ஃப்ளெமிங், நர்ஸ். நடிச்சவங்க பிட்டி ஷ்ராம்.

என்ன நடந்தது?

மூணாவது சீசனோட முதல் 9 எபிசோடு 2004 கோடையில ஓடிச்சு. அப்புறம் இடைவேளை. அந்த இடைவேளையில பிட்டி ஷ்ராம் தொடர்ல இல்லைன்னு ஆயிடுச்சு. ஒப்பந்தப் பேச்சுவார்த்தை ஒத்துவரலைன்னு அப்போ செய்திகள் வந்துச்சு. அதே வருஷம் ஜனவரியிலதான் இந்த ரோலுக்காக அவங்க கோல்டன் க்ளோப் நாமினேஷன் பட்டியல்ல இருந்தாங்க. அதனால 'சரியா நடிக்கலை, தூக்கிட்டாங்க'ன்னு யாராலும் சொல்ல முடியாது.

2005 ஜனவரி 21 அன்னைக்கு பத்தாவது எபிசோடு வந்தது. ஷரோனா நியூ ஜெர்சிக்குத் திரும்பிப் போய், பழைய கணவரையே மறுபடி கல்யாணம் பண்ணிட்டாங்கன்னு வசனத்துல ஒரு தகவல். அவ்வளவுதான். வழியனுப்புற சீன் இல்ல, கண்ணீர் இல்ல, ஏர்போர்ட் இல்ல. அதே எபிசோடுல நாட்டலி டீகர் வர்றாங்க. நடிச்சவங்க ட்ரெய்லர் ஹோவர்ட்.

கணக்குப் போட்டா, முதல் 38 எபிசோடு ஷரோனா காலம். அடுத்த 87 நாட்டலி காலம். மொத்தத்துல ஏறக்குறைய 70 சதவீதம் நாட்டலி. ஆனாலும் 'மாங்க் பார்த்திருக்கியா?'ன்னு கேட்டா, 'ஆமா, ஆனா ஷரோனா போனதுக்கப்புறம்...'னு இழுக்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. நானும் அந்த லிஸ்ட்லதான் இருந்தேன். அந்தப் பத்தாவது எபிசோடுல நிறுத்தினவ, நாலு மாசம் அந்தப் பக்கமே போகலை.

ஷரோனா கட்சி சொல்றது

எங்க கட்சி வாதத்தை முதல்ல வெச்சிடறேன்.

ஒண்ணு, ஷரோனா அங்க இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அவங்க நர்ஸ். மாங்கை வீட்டை விட்டு வெளிய கொண்டுவந்ததே அவங்கதான். அவங்க வேலை அவரைச் சமாளிக்கிறது மட்டும் இல்ல, தேத்தறதும் கூட. ஒவ்வொரு தடவை அவரைத் திட்டித் தள்ளும்போதும் அதுல ஒரு சிகிச்சை இருந்துச்சு.

ரெண்டு, சிரிப்பு. ஷரோனா எதிர்த்துப் பேசுவாங்க, கத்துவாங்க, நடுரோட்ல விட்டுட்டுப் போயிடுவேன்னு மிரட்டுவாங்க. மாங்க் பிடிவாதம் ஒரு பக்கம், ஷரோனா வாய் ஒரு பக்கம். ரெண்டும் உரசும்போது வர்ற பொறிதான் முதல் ரெண்டு சீசனோட காமெடி.

மூணு, போன விதம். தொடர் முழுக்க யாரைத் திட்டித் தீர்த்தாங்களோ அந்தப் பழைய கணவர்கிட்டயே திரும்பப் போனதா ஒத்தை வரியில முடிச்சது நிறையப் பேருக்கு ஜீரணமாகலை. மூணு வருஷம் வீட்டுக்கு வந்து போன ஒருத்தர் சொல்லாமக் கொள்ளாம ஊரைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

நாட்டலி கட்சி சொல்றது

என் ரூம்மேட் பக்கமும் நியாயம் இருக்கு. அவ அஞ்சாவது சீசன்ல இருந்து பார்க்க ஆரம்பிச்சவ. அவளுக்கு ஷரோனா யாருன்னே தெரியாது.

அவளோட முதல் பாயிண்ட், துக்கம். நாட்டலியோட கணவர் மிட்ச் கடற்படை விமானி, கொசோவோ போர் சமயத்துல இறந்தவர். மாங்கும் மனைவியை இழந்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல காயம். ஷரோனாவுக்கு மாங்கோட நோய் புரியும், நாட்டலிக்கு மாங்கோட இழப்பு புரியும். இதை அவ சொன்னப்போ என்கிட்ட பதில் இல்ல.

ரெண்டாவது, நாட்டலி துப்பறியறதுல ஆர்வமா இறங்குவாங்க. அவங்களுக்கு அது வெறும் சம்பள வேலை இல்ல. பின்னாடி வர்ற சீசன்கள்ல அவங்களே தடயம் கண்டுபிடிப்பாங்க, வேஷம் போட்டு உள்ள போவாங்க.

மூணாவது, 'நாட்டலி ரொம்ப சாது'ன்னு எங்க கட்சி சொல்றது பாதி பொய். வந்த ரெண்டாவது எபிசோடுலயே செலவுக் காசு குடுங்கன்னு மாங்க்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க. சண்டை போடத் தெரியாதுன்னு இல்ல, அவங்க சண்டை போடற ஸ்டைல் வேற.

'ஏட்ரியன்'னு கூப்பிட்டவங்களும் 'மிஸ்டர் மாங்க்'னு கூப்பிட்டவங்களும்

என்னைக் கேட்டா, ரெண்டு பேருக்கும் உள்ள மொத்த வித்தியாசமும் அவங்க மாங்கைக் கூப்பிடற விதத்துல இருக்கு. ஷரோனா அவரை 'ஏட்ரியன்'னு கூப்பிடுவாங்க. நாட்டலி கடைசி எபிசோடு வரைக்கும் 'மிஸ்டர் மாங்க்'தான்.

இங்கிலீஷ்ல ரெண்டு பேருமே 'யூ'ன்னுதான் சொல்றாங்க, அதனால இது சின்ன விஷயமாத் தெரியலாம். தமிழ்ல யோசிச்சுப் பாருங்க. ஷரோனா பேசறது 'நீ, வா, போ'. நாட்டலி பேசறது 'நீங்க, வாங்க சார்'. ஒருத்தங்க அக்கா மாதிரி காதைத் திருகறவங்க. இன்னொருத்தங்க மரியாதை குடுத்துட்டே வேலையைச் சாதிக்கிறவங்க. நம்ம வீட்லயே ரெண்டு டைப்பும் இருக்காங்கல்ல?

இது மாறினா காமெடியும் மாறும். ஷரோனா காலத்துல ஜோக் வாக்குவாதத்துல இருந்து வருது. நாட்டலி காலத்துல சங்கடத்துல இருந்து வருது: நாலு பேர் முன்னாடி மாங்க் எதையாவது செஞ்சு வைப்பார், நாட்டலி முகத்துல ஒரு சிரிப்பை ஒட்டவெச்சுட்டு நிலைமையைச் சமாளிப்பாங்க. முதல் வகை பிடிச்சவங்களுக்கு ரெண்டாவது உப்பில்லாத மாதிரி தெரியும். ரெண்டாவது பழகினவங்களுக்கு முதல் வகை காட்டுக்கத்தலா தெரியும். ரெண்டு பக்கமும் 'நடிப்பு சரியில்ல'ன்னு சொல்றோம். உண்மையில நாம பேசிட்டு இருக்கிறது நடிப்பைப் பத்தி இல்ல, காமெடி வகையைப் பத்தி.

எல்லா மாற்றமும் வலிக்கிறதில்ல

நம்ம ஊர் சீரியல்ல 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போடுவாங்க. நேத்து வரைக்கும் ஒரு முகம், இன்னைக்கு வேற முகம், பேரும் புடவையும் அதே. பாட்டி ரெண்டு நாள் முணுமுணுத்துட்டு மூணாவது நாள் செட் ஆயிடுவாங்க.

மாங்க்லயும் இது நடந்திருக்கு. ஷரோனாவோட பையன் பெஞ்சியா நடிச்சது ரெண்டு வெவ்வேறு பசங்க. நான் முதல் தடவை பார்த்தப்போ கவனிக்கவே இல்ல. ஏன்னா பெஞ்சி கதையோட ஓரத்துல இருக்கான். பாரம் தாங்காத தூணை மாத்தினா கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது. சிவில் ஃப்ரெண்ட்ஸ் மன்னிச்சுக்கோங்க.

இன்னொரு மாற்றம் வேற மாதிரி. மாங்கோட மனநல டாக்டர் க்ரோகரா நடிச்ச ஸ்டான்லி கமெல், 2008 ஏப்ரல்ல மாரடைப்புல இறந்துட்டார். ஏழாவது சீசன்ல கதையிலயும் டாக்டர் க்ரோகர் இறந்துட்டதா வெச்சாங்க. சீசனோட முதல் எபிசோடை அவருக்கே சமர்ப்பணம் பண்ணாங்க. மாங்க் அந்த இழப்புல தடுமாறுறதைக் காட்டினாங்க. அப்புறம் ஹெக்டர் எலிசோண்டோ நடிச்ச டாக்டர் பெல் வந்தார். டாக்டர் பெல்லை யாரும் 'க்ரோகர் இடத்தைப் பிடுங்கிட்டார்'னு திட்டி நான் கேட்டதில்ல.

இங்கதான் ஒரு விஷயம் பிடிபடுது. க்ரோகர் போனப்போ நமக்கு வருத்தப்பட நேரம் குடுத்தாங்க. நமக்குப் பதிலா மாங்க் திரையில அழுதார். ஷரோனா போனப்போ அந்த நேரம் கிடைக்கலை. வெளிய வராத அந்த வருத்தம் யார் மேல போய் விழும்? அடுத்ததா வாசல்ல வந்து நின்ன நாட்டலி மேலதான். அவங்க பண்ண ஒரே தப்பு, அந்த நேரத்துல வந்தது.

மனசு எப்படிக் கணக்குப் போடுது?

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு பேர் 1956ல 'பாராசோஷியல்' உறவுன்னு ஒரு கருத்தை எழுதினாங்க. டிவியில, ரேடியோவுல திரும்பத் திரும்ப வர்ற ஒருத்தரோட நமக்கு ஒரு ஒருதலை நட்பு உருவாகுது. அவங்களுக்கு நம்மளைத் தெரியாது, ஆனா நம்ம மனசுக்கு அவங்க தெரிஞ்சவங்க. அப்படின்னா ஒரு கேரக்டர் போறது 'கதையில ஒரு மாற்றம்' மட்டும் இல்ல, ஒரு தெரிஞ்சவங்க ஊரை விட்டுப் போறது.

1968ல ராபர்ட் ஸயான்ஸ்ங்கிற உளவியலாளர் இன்னொண்ணு காட்டினார். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அது மேல விருப்பம் கூடும். பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஷரோனாவை 38 தடவை பார்த்தவங்க, நாட்டலியை ஒரே தடவை பார்த்துட்டு ரெண்டு பேரையும் ஒப்பிடறது நியாயமான டெஸ்ட்டா? ஒரு பக்கம் 38 ரீடிங், இன்னொரு பக்கம் ஒண்ணு. லேப்ல இப்படி ரெக்கார்ட் எழுதிட்டுப் போனா மேடம் கையெழுத்துப் போடுவாங்களா?

இதுல நம்ம தலைமுறைக்குன்னு ஒரு ஸ்பெஷல் சிக்கலும் இருக்கு. அன்னைக்கு டிவியில பார்த்தவங்களுக்கு ஷரோனாவோட கடைசி எபிசோடுக்கும் நாட்டலியோட முதல் எபிசோடுக்கும் நடுவுல அஞ்சு மாசம் இருந்துச்சு. 2004 ஆகஸ்ட் 20ல இருந்து 2005 ஜனவரி 21 வரைக்கும். நமக்கு? அடுத்த எபிசோடு தானா ஓட ஆரம்பிக்கிற அஞ்சு செகண்ட். அவங்களுக்குக் கிடைச்ச ஆறப்போடற காலம் நமக்குக் கிடைக்கலை. அதுக்கு நேர்மாறா, நாட்டலி பழகறதுக்கு அவங்க வாராவாரம் காத்திருந்தாங்க, நாம ஒரு சனி ஞாயிறுல முடிச்சிடலாம். நான் மட்டும் அந்த எபிசோடுல லேப்டாப்பை மூடாம இருந்திருந்தா நாலு மாசம் வீணாகியிருக்காது.

கடைசியா ஒரு கணக்குப் பிழை. 'நாட்டலி வந்ததுக்கப்புறம் சீரிஸ் டல்லாயிடுச்சு'ன்னு சொல்றவங்க பெரும்பாலும் சொல்ற குறை என்னன்னு பாருங்க: மாங்க் ரொம்பக் குழந்தைத்தனமா ஆயிட்டார், கேஸ் எல்லாம் நம்பற மாதிரி இல்ல, காமெடி ஓவராயிடுச்சு. இதுல ஏதாவது ஒண்ணு நாட்டலி செஞ்சதா? இதெல்லாம் எழுத்து. எந்தத் தொடரும் நாலஞ்சு சீசன் தாண்டினா கொஞ்சம் பெருசாக்கித்தான் காட்டும். ஷரோனா இருந்திருந்தாலும் அது நடந்திருக்கலாம். ஒரே நேரத்துல ரெண்டு வேரியபிள் மாறியிருக்கு, நாம பழியை மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்ச முகத்து மேல போட்டுட்டோம். இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஷலூப் வாங்கின மூணு எம்மியில ரெண்டு, நாட்டலி வந்ததுக்கப்புறம் வாங்கினது. கடைசி எபிசோடை ஏறக்குறைய 94 லட்சம் பேர் பார்த்தாங்க, அமெரிக்க பேசிக் கேபிள் டிவி டிராமாவுக்கு அப்போ அது ஒரு ரெக்கார்டு. தொடர் செத்துப்போகலை.

அந்தப் பத்தாவது எபிசோடை மறுபடி பார்த்தேன்

இதை எழுதறதுக்காக அதை உட்கார்ந்து பார்த்தேன். இந்தத் தடவை கோபம் இல்லாம. எழுதினவங்க எவ்வளவு ஜாக்கிரதையா இருந்திருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சது.

முதல் விஷயம், நாட்டலி வேலை கேட்டு வரலை. அவங்க வீட்டுக்குள்ள யாரோ மறுபடி மறுபடி நுழையறாங்க. நுழைஞ்ச ஒருத்தனோட போராடும்போது தற்காப்புக்காக அவங்களே அவனைக் கொல்ல வேண்டி வருது. ஏன் தன் வீட்டை மட்டும் குறி வெக்கிறாங்கன்னு தெரியாம மாங்க்கிட்ட வர்றாங்க. அதாவது ஒரு கேஸா வர்றாங்க. 'ஷரோனா இடத்துக்கு வந்தவங்க'ன்னு நாம முறைக்கிறதுக்கு முன்னாடியே, 'பாவம், இவங்களுக்கு ஒரு பிரச்சினை'ன்னு நம்ம மனசு அவங்க பக்கம் சாஞ்சுடுது.

ரெண்டாவது, மாங்க் அந்த எபிசோடுல ஷரோனா இல்லாமத் தவிச்சுட்டுதான் இருக்கார். நம்ம வருத்தத்துக்குக் கொஞ்சமாவது இடம் விட்டிருக்காங்க. அது போதலைங்கிறது வேற விஷயம்.

மூணாவது, கேஸ். வீட்ல இருக்கிற மீன்தொட்டியைச் சுத்திதான் எல்லாம் நடக்குது. மீனுக்காக வர்றாங்கன்னு நினைப்போம். உண்மையில தொட்டிக்குள்ள கிடக்கிற சாதாரணக் கல் ஒண்ணுதான் குறி. அது திருடப்பட்ட நிலாக்கல்! எல்லாரும் மீனையே பார்த்துட்டு கல்லைக் கவனிக்காம விட்டுடறாங்க. ஷரோனாவையே நினைச்சுட்டு எதிர்ல இருக்கிறவங்களை நாம கவனிக்காம விட்ட எபிசோடுல இப்படி ஒரு கதை. வேணும்னே வெச்சாங்களா தெரியலை, எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

டிடெக்டிவையே மாத்தினா?

இதுக்கு நேர் எதிரான பரிசோதனையை பிபிசி பண்ணியிருக்கு. 'டெத் இன் பாரடைஸ்', 2011ல ஆரம்பிச்சது. செயின்ட் மேரிங்கிற கற்பனைக் கரீபியன் தீவு, ஷூட்டிங் க்வாடலூப்ல. கொளுத்தற வெயில்ல கோட்டு சூட்டோட அலையற இங்கிலாந்து இன்ஸ்பெக்டர் ரிச்சர்ட் பூல், நடிச்சவர் பென் மில்லர். ரெண்டு சீசனுக்கப்புறம் அவர் விலகறார். 2014 ஜனவரியில வந்த மூணாவது சீசனோட முதல் எபிசோடுலயே ஹீரோவைக் கொன்னுட்டாங்க! அந்தக் கொலையைத் துப்பறிய வர்றவர்தான் புது ஹீரோ ஹம்ஃப்ரி குட்மன், நடிச்சவர் கிரிஸ் மார்ஷல்.

யோசிச்சுப் பாருங்க, இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம். புது ஆள் மேல கோபப்பட முடியாது, ஏன்னா நம்ம பழைய ஆளுக்கு நியாயம் வாங்கித் தர்றதே அவர்தான். அதுக்கப்புறம் ஆர்டல் ஓ'ஹான்லன், ரால்ஃப் லிட்டில், இப்போ டான் கில்லெட்னு அஞ்சு டிடெக்டிவ் ஆயாச்சு, தொடர் இன்னும் ஓடுது.

அப்போ மாங்க்ல அசிஸ்டென்ட் மாறினதுக்கே இவ்வளவு சத்தம், அங்க ஹீரோ மாறியும் எப்படித் தாங்குது? அங்க நங்கூரம் டிடெக்டிவ் இல்ல. தீவு, கமிஷனர், கேத்தரினோட பார், குடிசைக்குள்ள ஓடற ஹாரிங்கிற பல்லி, கடைசியில சந்தேகப்படற எல்லாரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சு உண்மையை உடைக்கிற அந்த சீன், இதெல்லாம்தான் நங்கூரம். ஒட்டாத ஊர்ல மாட்டிக்கிட்ட ஒரு ஆள்ங்கிறது ஒரு சாக்கெட். அதுல பொருந்தற எந்த ஐசியும் செருகலாம். மாங்க்ல அப்படி இல்ல. அங்க ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற உறவுதான் சர்க்யூட். ஒரு முனையை மாத்தினா மொத்த வயரிங்கும் புதுசா போடணும். நாட்டலியை ஷரோனா மாதிரியே இன்னொரு நர்ஸா, இன்னொரு வாயாடியா எழுதாம விட்டதுதான் அந்தத் தொடர் பிழைச்சதுக்குக் காரணம்னு இப்போ நினைக்கிறேன்.

ரசிகர்களோட புலம்பல் கதைக்குள்ளயே வந்தப்போ

மாங்க் டீம் ரசிகர்களைக் காதுல வாங்காதவங்க இல்ல. ரெண்டாவது சீசன்ல தீம் மியூசிக்கை மாத்தினாங்க. ஜெஃப் பீல் போட்ட வாத்திய இசைக்குப் பதிலா ராண்டி நியூமனோட பாட்டு. பழைய இசை எம்மி வாங்கினது, புதுசும் எம்மி வாங்கிச்சு. ஆனாலும் ரசிகர்கள் விடலை. அதனால அதே சீசன்ல ஒரு எபிசோடு வெச்சாங்க: ஒரு டிவி நடிகர் மேல கொலைச் சந்தேகம், அவரோட தொடருக்கு ஒரு வெறிபிடிச்ச ரசிகை, தீம் மியூசிக்கை மாத்தினதுல அவளுக்குத் தாங்க முடியாத கோபம். நடிச்சது சாரா சில்வர்மேன். நீங்க எப்பவாச்சும் சீரிஸ் எடுத்தா மியூசிக்கை மாத்தாதீங்கன்னு மாங்க்கிட்டயே சத்தியம் வாங்குவா. அந்த எபிசோடு முடியறப்போ பழைய இசையே ஒலிக்கும். ரசிகர்களைக் கிண்டலும் பண்ணாங்க, மன்னிப்பும் கேட்டாங்க.

ஷரோனா விஷயத்துலயும் கடன் தீர்த்தாங்க, தாமதமாத்தான். லீ கோல்ட்பர்க் எழுதின மாங்க் நாவல்கள்ல நாட்டலிதான் கதை சொல்லி. அதுல 2007ல வந்த ஒண்ணுல ஷரோனா திரும்ப வர்றாங்க. டிவியில 2009 அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. எட்டாவது சீசன்ல பிட்டி ஷ்ராம் ஒரு எபிசோடுக்கு வந்தாங்க. ஷரோனாவும் நாட்டலியும் ஒரே ஃப்ரேம்ல! மாங்கை எப்படிக் கையாளணும்னு ரெண்டு பேரும் மோதிக்குவாங்க. எங்க ஹாஸ்டல் சண்டையை அப்படியே அவங்க வாயால பேசின மாதிரி இருக்கும். கடைசியில ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒத்துக்கிறாங்க. தொடர் முடியறப்போ ஷரோனாவுக்குன்னு ஒரு நல்ல வாழ்க்கையும் எழுதிக் குடுத்திருக்காங்க. 2023ல வந்த 'மிஸ்டர் மாங்க்ஸ் லாஸ்ட் கேஸ்' படத்துல நாட்டலி இருந்தாங்க, ஷரோனா இல்ல. எங்க கட்சிக்காரங்க அதுக்கும் புலம்பியாச்சு.

இதை ஏன் இப்போ எழுதறேன்?

உண்மையான காரணம் சீரிஸ் இல்ல.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம்ல நாலு பேர். ஆறாவது செமஸ்டர் முடிஞ்சதும் ஒருத்தி வீட்டுச் சூழ்நிலையால படிப்பை நிறுத்தவேண்டியதாயிடுச்சு. கோடிங் முழுக்க அவதான். சரியா பை கூடச் சொல்லலை, ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், அவ்வளவுதான். அவளுக்குப் பதிலா வேற டீம்ல இருந்து ஒருத்தியை கைடு எங்களோட சேர்த்துவிட்டார். வந்தவ நல்லாத்தான் வேலை பண்ணா. ஆனா எதைச் செஞ்சாலும் என் வாயில வந்தது ஒரே வாக்கியம்: "அவ இருந்தா இதை வேற மாதிரி பண்ணியிருப்பா."

மூணாவது ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, சென்சார் ரீடிங் வரலைன்னு லேப்ல உட்கார்ந்திருந்தோம். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவ ஸ்க்ரீன்ல இருந்து கண்ணை எடுக்காமலே, "நான் அவளை அனுப்பலக்கா... ஸாரி, உன்னை அக்கான்னு கூப்பிட்டுட்டேன். டென்ஷன்," அப்படின்னா. ஒரே வயசு எங்களுக்கு. மூணு மாசமா ஒரே டேபிள்ல உட்கார்ந்தும், என்னை அவ எவ்வளவு தூரத்துல வெச்சிருந்தான்னு அந்த ஒரு வார்த்தையில தெரிஞ்சுபோச்சு. அந்தத் தூரத்தை உண்டாக்கினது நான்.

ரூமுக்கு வந்து தூக்கம் வரலை. நாட்டலி எபிசோடை நான் மறுபடி போட்டது அன்னைக்கு ராத்திரிதான்.

போனவளை நான் மிஸ் பண்ணேன். அது தப்பில்ல. அந்த வருத்தத்தை அவகிட்ட சொல்லாம, வந்தவ தலையில இறக்கினதுதான் தப்பு. அடுத்த நாள் போனவளுக்கு ஃபோன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினேன். அதுக்கப்புறம் லேப்ல போய் வந்தவகிட்ட ஸாரி சொன்னேன். அவ பெருசா ஒண்ணும் சொல்லலை. "வயர் லூஸா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன், ரீடிங் வருது பார்"ன்னா.

நீங்க இப்போ எந்த சீரிஸை பாதியில நிறுத்தி வெச்சிருக்கீங்களோ, புது ஆளுக்கு ஒரு எபிசோடு இல்ல, ஒரு பத்து எபிசோடு குடுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா தாராளமா திட்டுங்க, அப்போ உங்ககிட்ட டேட்டா இருக்கும். கிளாஸ்லயோ டீம்லயோ ஹாஸ்டல்லயோ யார் இடத்துக்காவது புதுசா ஒருத்தர் வந்திருந்தா, அவங்களுக்கும் அதே கணக்கு.

நான் இன்னும் ஷரோனா கட்சிதான். ஆனா இப்போ ஆறாவது சீசன் பார்த்துட்டு இருக்கேன், ரூம்மேட் கூட உட்கார்ந்து. அவ ரெண்டாவது சீசன்ல இருக்கா. "உங்காளு நல்லாத்தான் கத்தறாங்க"ன்னு நேத்து ஒத்துக்கிட்டா.